செரிவிசியே முதலாளி

ரொட்டிக்காரருக்கு அந்த வாரம் உலகத்தின் மேல் கொள்ளைப் பிரியம் வந்திருந்தது. காரணம் அன்பு இல்லை, மாத்திரை. காலையில் எட்டு ஸ்டீராய்டு மாத்திரைகளை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு பேக்கரிக்கு வந்தாரென்றால் வாயும் ஓயாது, கையும் ஓயாது. சனிக்கிழமை மாவு பிசையும் மெஷினை அக்கக்காகப் பிரித்துத் துடைத்துத் திரும்ப மாட்டினார். ஒரு திருகாணி மிஞ்சியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இத்தனை வருஷமா இது சும்மாவே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு பாரேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கடைப் பலகைக்குப் பளீரென்று மஞ்சள் பெயின்ட் அடித்தார். அடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முகம் வேறு நன்றாகப் பொங்கிய மாவு மாதிரி உப்பியிருந்தது.

மாத்திரை தலைக்கு ஏறியதே தவிர குடலுக்கு இறங்கவில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கழிப்பறைக்கு ஓடினார். பாதி தடவை ரத்தம் போனது. அந்த ஊரில் எந்தத் தெருவில் எந்தக் கட்டடத்தில் கழிப்பறை இருக்கிறது, எதற்குத் தாழ்ப்பாள் விழாது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வருகிற வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவருடைய பெருங்குடலை மொத்தமாக எடுத்துவிட சர்ஜன் நாள் குறித்திருந்தார். எடுத்துவிட்டு வயிற்றில் ஒரு துளை போட்டு, வெளியே ஒரு பையை மாட்டுவார்கள்.

பையைக்கூட அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொள்ள முடியாதது வேறு. வந்திருப்பது எந்த வியாதி என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார் சர்ஜன். அது பெருங்குடலோடு நின்றுவிடும். பெருங்குடலை எடுத்தால் கதை முடிந்தது. பிறகு சிறுகுடலின் முனையையே பை போலத் தைத்து உள்ளே வைத்து, வெளியே தொங்குவதைக் கழற்றிவிடலாம். இல்லை, க்ரோன் வியாதியாக இருக்கலாம் என்றார் குடல் டாக்டரம்மா. அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும். இங்கே வெட்டினால் அங்கே வரும். தைத்து வைத்த பையும் கெட்டுப்போகும். குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தவரோ, ரெண்டில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சிறுகுடலை ஸ்கேனில் பார்த்தால் விஷயம் தெரிந்திருக்கும். போன மாதம் எடுக்கத்தான் செய்தார்கள். ஒன்றரை லிட்டர் மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு நாற்பது நிமிஷம் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பதினோராவது நிமிஷத்தில் ரொட்டிக்காரர், முதுகுப்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியோடு, வராந்தா முழுக்கப் பார்க்க ஓடினார். படத்தில் ஒரு மங்கல் மட்டும் பதிவாகியிருந்தது.

கடைசி முயற்சியாக டாக்டரம்மா வெள்ளிக்கிழமை ரத்தம் எடுத்து அனுப்பினார். ரத்தத்தில் இரண்டு எதிர்ப்புப் பொருட்களைத் தேடும் சோதனை. "இது தீர்ப்புச் சொல்லாது. எந்தப் பக்கம் சாயுதுன்னு காட்டும், அவ்வளவுதான்" என்றார். ரத்தம் போன லேபில் வேலை பார்ப்பவள் ரொட்டிக்காரரின் மனைவிக்குத் தங்கை. வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். "என்கிட்ட ரிசல்ட் கேட்டு வரக்கூடாது மாமா. வந்தா உங்க சோதனையை நீங்களே பண்ணிக்கோங்கன்னு ஊசியைக் கையில கொடுத்துடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ரிப்போர்ட் நேராக அவர் போனுக்கே வந்தது.

பேக்கரியில் அப்போது அவரைத் தவிர நான்கு பேர். அவர் மனைவி கல்லாவில் இருந்தாள். மாவு பிசையும் நெட்டை, உருண்டைகளை எடை போடும் தராசு அக்கா, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அனல் ஆகிய மூவரும் பின்கட்டில். ரொட்டிக்காரர் ரிப்போர்ட்டை உரக்கப் படித்தார்.

"ஆன்டி... சாக்கரோ... மைசிஸ்... செரிவிசியே..."

நிறுத்தினார். இந்தப் பெயர் அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற பெயர். விறுவிறுவென்று அலமாரிக்குப் போய் ஒரு ஈஸ்ட் பொட்டலத்தை எடுத்துத் திருப்பினார். அடியில் எறும்பு எழுத்தில் அதே பெயர்: சாக்கரோமைசிஸ் செரிவிசியே.

"ஐயோ, இது கம்பெனி முதலாளி பேராச்சே!" என்றார்.

"எது?" என்றாள் மனைவி.

"செரிவிசியே! நான் இத்தனை வருஷமா இது முதலாளி பேருன்னு நினைச்சிட்டிருந்தேன். மீசைகூட வச்சுப் பார்த்திருக்கேன் மனசுக்குள்ள."

தராசு அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "முதலாளி இல்லப்பா. இது ஈஸ்ட்டோட பேரு. உன் ரத்தத்துல ஈஸ்ட்டுக்கு எதிரா என்னமோ இருக்காம். பாசிட்டிவ்னு போட்டிருக்கு. கீழ இன்னொண்ணு நெகட்டிவ்."

ரொட்டிக்காரருக்கு எட்டு மாத்திரையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது.

"கண்டுபிடிச்சாச்சு! டேய் நெட்டை, கண்டுபிடிச்சாச்சுடா! என் ரத்தம் இருபத்திரண்டு வருஷமா என் மாவோட சண்டை போட்டிருக்கு. நான் ஒருத்தன் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கேன். ஈஸ்ட்டை நிறுத்தினா வியாதி நிக்கும். குடலை எதுக்கு எடுக்கணும்? ஈஸ்ட்டை எடு!"

யாரும் தடுப்பதற்குள் பதினான்கு பொட்டலங்களையும் கிழித்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டார். அதில் பன்னுக்குப் பூசும் சர்க்கரைப் பாகு கழுவிய வெதுவெதுப்பான தண்ணீர் பாதித் தொட்டிக்கு நின்றிருந்தது. இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ளவர் அந்த ஒரு நிமிஷம் அதை யோசிக்கவில்லை. ஈஸ்ட் யோசித்தது. அவர் சர்ஜனின் ஆபீசுக்குப் போன் போட்டு, "வியாழக்கிழமை நான் வரல. ஈஸ்ட்டை எடுத்தாச்சு, குடல் இருக்கட்டும். அந்த மாத்திரையையும் இன்னையோட நிறுத்திடறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள், தொட்டியிலிருந்து நுரை எழும்பி, விளிம்பு தாண்டி, தரையில் இறங்கி, அனலின் செருப்பை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டு கழிப்பறை வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, அதுவும் அங்கதான் ஓடுது" என்றான் அனல்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரையை நிறுத்தினால் ஆள் சுருண்டு விழுந்துவிடுவார், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா மூன்று முறை சொல்லியிருந்தார். அவள் மாத்திரை டப்பாவைக் கல்லாவில் வைத்துப் பூட்டிவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தாள். "உடனே வா. உன் மாமா டாக்டராயிட்டார்."

சின்னவள் மதிய இடைவேளையில் வந்தாள். நுரையைத் தாண்டிக் குதித்து ஒரு மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"மாமா, நல்லா கேளுங்க. இது அலர்ஜி இல்ல. க்ரோன் வியாதி இருக்கிறவங்க நிறையப் பேரோட ரத்தத்துல இந்த எதிர்ப்புப் பொருள் இருக்கும். ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. ஈஸ்ட் வியாதியைக் கொண்டுவரல. அது அடையாளம் மட்டும்தான். ஒரு வீட்டு வாசல்ல சிவப்பு செருப்பு கிடந்தா உள்ள உங்க பெரியப்பா இருக்கலாம்னு நினைக்கிறோம் இல்ல? செருப்பைத் தூக்கிக் குப்பையில போட்டா பெரியப்பா போயிடுவாரா?"

"போகமாட்டார். அவரைப் பத்தி உனக்குத் தெரியாது."

"அதேதான். ரெண்டாவது சோதனை நெகட்டிவ். அது கொலைட்டிஸ் இருக்கிறவங்களுக்குத்தான் அதிகமா வரும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா டாக்டரம்மா சொன்ன பக்கம் சாயுது. சாயுதுன்னுதான் சொல்றேன்."

ரொட்டிக்காரருக்கு ஒரே சமயத்தில் அழுகையும் குதியாட்டமும் வந்தது. குதியாட்டம் ஜெயித்தது. "அப்ப க்ரோன்! அப்ப வெட்ட வேண்டாம்!" என்று தராசு அக்காவின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினார். அந்த நேரம் பார்த்து சர்ஜனே போனில் வந்தார். மனைவி சத்தத்தைக் கூட்டி மேஜையில் வைத்தாள்.

"ரிப்போர்ட் பார்த்தேன்" என்றார் சர்ஜன். "நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"ரொட்டி சார்."

"தினம் ஈஸ்ட்டைக் கையில புழங்கறீங்க, மூச்சுல இழுக்கறீங்க, சாப்பிடறீங்க. உங்க ரத்தத்துல ஈஸ்ட்டுக்கு எதிர்ப்பு இல்லாம என்ன செய்யும்? மீன் விக்கிறவர் கையில மீன் வாசனை வருதுன்னு ஒரு ரிப்போர்ட் கொடுத்தா அதை வச்சு நான் என்ன முடிவு பண்றது? வியாழன் ஏழு மணி. மாத்திரையை நிறுத்தாதீங்க."

போன் வைக்கப்பட்டது. ரொட்டிக்காரர் மூட்டை மேல் சின்னவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவர் வாய் மூடியிருந்தது.

"அவர் சொல்றது நியாயம்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கேள்வி நியாயம்தான்" என்றாள் சின்னவள். பிறகு நெட்டையைப் பார்த்தாள். முழங்கை வரை மாவு. தராசு அக்காவைப் பார்த்தாள். புருவத்தில் மாவு. அனல், கல்லாவிலிருந்த தன் அக்கா, எல்லோர் மேலும் மாவு. "நீங்க எல்லாரும் இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பதினெட்டு" என்றாள் தராசு அக்கா. நெட்டை பதினைந்து, அனல் இருபது.

"மாமா சுவாசிச்ச ஈஸ்ட்டைத்தானே நீங்களும் சுவாசிச்சீங்க?"

நெட்டைக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "ஊசின்னா எனக்கு ஆகாது, முன்னாடியே சொல்லிட்டேன்."

செவ்வாய்க்கிழமை காலை பேக்கரிக்கு அரை நாள் விடுமுறை. ஈஸ்ட் இல்லாததால் எப்படியும் வேலை இல்லை. நான்கு பேரும் லேபில் வரிசையாக உட்கார்ந்தார்கள். லேபின் தலைமை மேடம் முதலில் முடியாது என்றார். சோதனைத் தட்டில் ஒரு வரிசைக் குழிகள் எப்படியும் காலியாகத்தான் போகின்றன, திறந்த கிட் வெள்ளிக்கிழமையோடு காலாவதி என்று சின்னவள் கணக்குச் சொன்ன பிறகு, ஆளுக்கொரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார். நெட்டை ஊசியைப் பார்த்த உடனேயே, குத்துவதற்கு முன்பே, மயங்கி விழுந்தான். ஆறடி ஆள். விழுந்தபடியே ரத்தம் எடுத்தார்கள். "இதுதான் வசதி" என்றாள் சின்னவள்.

சோதனைத் தட்டு, உள்ளங்கை அகலத்தில் தொண்ணூற்றாறு குழி போட்ட சின்னஞ்சிறு பன் தட்டு மாதிரி இருந்தது. ரொட்டிக்காரர் கண்ணாடிக்கு வெளியே நின்று மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஈஸ்ட்டின் மேல்தோலிலிருந்து எடுத்த சர்க்கரைப் பொருளைப் பூசியிருப்பார்களாம். ரத்தத்தின் தெளிநீரை அதில் விட்டால், எதிர்ப்புப் பொருள் இருந்தால் பிடித்துக்கொள்ளும். கழுவினாலும் போகாது. பிறகு வேறு இரண்டு மருந்து ஊற்றுவார்கள். பிடித்திருக்கிற இடம் நீலமாகும். கடைசிச் சொட்டு விட்டால் நீலம் மஞ்சளாக மாறும். இல்லாதவன் குழி வெறும் தண்ணீர்.

"தட்டுக்கு எண்ணெய் தடவுற மாதிரிதான்" என்று அவர் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு நோயாளிக்கு விளக்கினார். அந்த ஆள் சர்க்கரை பார்க்க வந்தவர். பாவம், அரை மணி நேரம் மாட்டிக்கொண்டார். நடுவில் ரொட்டிக்காரர் மூன்று தடவை ஓடிவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

சின்னவள் கடைசிச் சொட்டை விட்டாள்.

வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தத்தின் மிச்சத்தை விட்ட ரொட்டிக்காரரின் இரண்டு குழிகளும் மஞ்சளாயின. வெளிறிய மஞ்சள் இல்லை, கடைப் பலகைக்கு அடித்த மஞ்சள். மனைவியின் குழி தண்ணீர். தராசு அக்கா தண்ணீர். நெட்டையும் வெறும் தண்ணீர். அனலின் குழியில் மட்டும் லேசாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சாயல்.

"எனக்குமா? எனக்குமா வந்திருக்கு?" அனல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "காலையிலிருந்தே ஒரு மாதிரி இருந்துச்சு."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. இது அளவுக்குக் கீழதான் இருக்கு. நல்லா இருக்கிற ஆளுங்களுக்கும் நூத்துல சில பேருக்குச் சும்மாவே வரும்."

"அண்ணனுக்கு வந்தா வியாதி, எனக்கு வந்தா சும்மாவா?" என்றான் அனல். அவனுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

சின்னவள் எண்களைக் குறித்துக்கொண்டே சொன்னாள்: "நாலு பேரை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது மாமா. நான் அப்படி எழுதவும் மாட்டேன். ஆனா பேக்கரியில நிக்கிறவங்களுக்கெல்லாம் இது வந்துடும்னும் இனிமே யாரும் உங்ககிட்ட சொல்ல முடியாது."

டாக்டரம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சர்ஜனின் அறைக்குப் போனார். ரொட்டிக்காரரும் மனைவியும் வெளியே பெஞ்சில். கதவு வழியாகப் பாதிதான் கேட்டது. "மாவு பிசையறவனை வச்சு ஆராய்ச்சியா?" என்று ஒரு குரல். "நீங்கதானே சந்தேகத்தைக் கிளப்பினீங்க?" என்று இன்னொன்று. பிறகு ஒரு சிரிப்பு. சிரித்தது யார் என்று தெரியவில்லை.

சர்ஜன் கதவைத் திறந்தார். "நாளைக்குக் காலையில ஸ்கேன். முழுசா, நாற்பது நிமிஷம். சிறுகுடல்ல ஏதாவது இருந்தா நான் கத்தியை எடுக்கமாட்டேன். அவங்க சொல்ற மருந்தை ட்ரிப்ல ஏத்திப் பார்ப்போம். இந்தத் தடவையும் பாதியில ஓடினீங்கன்னா, ஓடற ஓட்டத்துல நேரா என் ஆபரேஷன் மேஜைக்கு வந்துடுங்க."

ரொட்டிக்காரர் தன் குடலுக்காகச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நாற்பது நிமிஷம் சும்மா படுத்திருப்பது. பதினைந்து வயதிலிருந்து அவர் கால் மணி நேரம் சும்மா இருந்ததில்லை. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து ஒரு நிமிஷம்கூட இல்லை.

புதன்கிழமை ஒன்றரை லிட்டரையும் குடித்தார். வயிறு தவில் மாதிரி விம்மியது. குழாய்க்குள் தள்ளினார்கள். காதில் மாட்டிய ஹெட்போனில் மனைவி பேசலாம் என்று ஸ்கேன் எடுப்பவர் அனுமதித்திருந்தார். மெஷின் டமடம என்று அடிக்க ஆரம்பித்தது. திருகாணி கழன்ற மாவு மெஷின் சத்தம். அவருக்கு உடனே எழுந்து போய் அதைச் சரிசெய்ய வேண்டும் போலிருந்தது.

எட்டாவது நிமிஷம் வயிறு முறுக்கியது. பதினோராவது நிமிஷம் கால்விரல் எல்லாம் மடங்கியது.

"முடியலடி" என்றார்.

ஹெட்போனில் மனைவி தொண்டையைச் செருமினாள். "பெரிய ரொட்டி ஒரு தட்டு வேக எவ்வளவு நேரம்?"

"இப்பவா கேக்கற? நாற்பது நிமிஷம்."

"பதினொரு நிமிஷத்துல அடுப்புக் கதவைத் திறந்தா?"

பதினொரு நிமிஷத்தில் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எத்தனை பேரைத் திட்டியிருப்பார். ரொட்டி அமுங்கிவிடும். அதற்குப் பிறகு எத்தனை நேரம் வைத்தாலும் எழும்பாது.

"இப்பத்தான் உப்புது" என்றாள் மனைவி. "அனல் கதவுக்கிட்டப் போறான். நீங்க சத்தம் போடுங்க."

"தொடாதடா!" என்று குழாய்க்குள்ளிருந்து அலறினார். ஸ்கேன் எடுப்பவர், வாயை அசைக்காதீர்கள் என்றார்.

"இருபது. நிறம் மாறுது. இருபத்தஞ்சு. மேல்தோல் பிடிச்சாச்சு. உள்ள இன்னும் ஈரம். அசைக்கக்கூடாது. முப்பது. வாசனை வருது. தெருவுல போற ரெண்டு பேர் திரும்பிப் பார்க்கறாங்க. முப்பத்தஞ்சு. நெட்டை துணியை எடுத்துக் கையில சுத்தறான்..."

ரொட்டிக்காரரின் நெற்றியிலிருந்து வியர்வை காதுக்குள் வழிந்தது. பல்லைக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு தட்டில் வரிசையாக இருக்கும் ரொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு ரொட்டி அவர்.

"நாற்பது" என்றாள். "கதவைத் திற."

அங்கி இந்தத் தடவையும் பின்னால் திறந்துதான் இருந்தது. வராந்தாவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தராசு அக்காதான் ஆரம்பித்து வைத்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு பேக்கரியில் புது ஈஸ்ட் பொட்டலங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது சர்ஜன் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "சிறுகுடல் முடியற இடத்துல ஒரு சாண் நீளம் தடிச்சு, சுருங்கியிருக்கு. க்ரோன்தான். நாளைக்கு வராதீங்க. திங்கட்கிழமை டாக்டரம்மாகிட்ட போய் ட்ரிப் ஆரம்பிங்க. இது போற வியாதி இல்ல, ஞாபகம் வச்சுக்கோங்க. என்னைக்காவது ஒருநாள் என்கிட்ட வரவும் வேண்டியிருக்கலாம்."

"வரேன் சார்! நிச்சயம் வரேன்! ரொட்டியோட வரேன்!"

"அப்புறம், அந்தத் தட்டுல மஞ்சளா ஒருத்தருக்கு லேசா வந்துச்சாமே, அவர் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கான் சார். கொஞ்சம் கோபமா இருக்கான்."

போனை வைத்த ரொட்டிக்காரர் ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, அடியில் இருக்கிற எறும்பு எழுத்துக்கு ஒரு சலாம் வைத்தார். "முதலாளி! சாட்சி சொல்லிக் காப்பாத்திட்டீங்க!" நெட்டையைக் கட்டிப்பிடித்தார். அனலைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. தீராத வியாதி என்று உறுதியானதற்கு இப்படி ஆட்டம் போடுகிற ஆளைத் தராசு அக்கா பார்த்ததே இல்லை. மனைவி கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

குதித்துக்கொண்டிருந்தவர் நடுக் குதியில் அப்படியே நின்றார். முகம் மாறியது. வயிற்றைப் பிடித்தார். கையிலிருந்த பொட்டலத்தை நெட்டையின் மேல் எறிந்துவிட்டு ஓடினார். கதவு அறைபட்ட சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது: "நெட்டை, வெதுவெதுப்பான தண்ணி, கொதிக்கிறது இல்ல! அனல், அடுப்பை ஏத்து! அந்தத் திருகாணி என் சட்டைப் பையில இருக்கு, யாராவது வந்து வாங்கிக்கோங்க!"

யாரும் போகவில்லை. மனைவி மட்டும் எழுந்து கதவருகே போய் நின்றாள்.

"என்னங்க, குடல் இருக்கா?"

"இருக்கு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "மொத்தமும் இருக்கு! வேலையும் செய்யுது!"